இன்னும் ரெண்டு நாள்

லொரேன் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று கைகாட்டியபோது, நெவில் பீர் பம்பின் கைப்பிடியை இழுத்து யாருக்கோ கிளாஸை நிரப்பிக்கொண்டிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மேலே போனான்.

ஜன்னலோர நாற்காலியில் அவன் அப்பா ஹோரஸ். மடியில் தொப்பி. பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. நெவில் அவர் கையைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது.

"டாக்டருக்குச் சொல்லிட்டேன்," என்றாள் லொரேன். "கீழ கடை மூடற மணியடிச்சு எல்லாரையும் அனுப்பிடலாமா?"

தரைக்கு அடியிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. மூடிப்போன க்ரேக் பீர் ஆலையைத் திரும்பத் திறந்து, நாற்பது வருடத்துக்குப் பிறகு முதல் பீப்பாயைத் திறக்கும் நாள். ஆலையின் புது முதலாளி, பத்திரிகைக்காரர், பழைய தொழிலாளிகள், எல்லாரும் இவன் பப்பில்தான்.

"ஃபோட்டோ எடுத்து முடிக்கட்டும். அரை மணி நேரம். டாக்டரைப் பின்வாசல் வழியா வரச் சொல்லு."

லொரேன் அவனைப் பார்த்தாள்.

படி இறங்கும்போது காலையில் நடந்ததும் கூடவே இறங்கியது. அப்பா அந்த ஆலையில் இருபத்தாறு வருடம், பீர் தெளிந்ததா என்று பீப்பாய் பார்த்தவர். பப்பின் நிலவறையில், புதுப் பீப்பாயிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"தெளியலடா. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்."

புது முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். நெவிலுக்குக் காது சுட்டது.

"அப்பாவுக்கு நாக்கு செத்து அஞ்சு வருஷமாச்சு சார். பச்சைத் தண்ணியக் குடுத்தாலும் தெளியலம்பார்."

முதலாளி சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்து ஏறிப்போனார். நெவில் கை கொடுக்கவில்லை.

நெவில் கீழே வந்தபோது, "எல்லாரும் கிளாஸை ஒசத்துங்க!" என்றார் பத்திரிகைக்காரர்.

ஜன்னல் வெளிச்சத்தில் முப்பது கிளாஸ்கள் உயர்ந்தன. பாத்திரம் கழுவிய தண்ணீர்போல முப்பதும் கலங்கியிருந்தன. எல்லாரும் மரியாதைக்குக் குடித்தார்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த கிழவர் எர்னிக்கு மட்டும் மரியாதை தெரியாது.

"என்னடா தம்பி, கால்வாய்ல மொண்டுட்டு வந்தியா? உங்கப்பன் எங்க? அவன் பாத்திருந்தா இத ஊத்தவே விட்டிருக்க மாட்டானே."

"மேல இருக்கார்."

"தூங்கறானா?"

"ம்."

"எழுப்பாத. எழுந்தா உன்ன ஒதைப்பான்."

சுற்றிலும் சிரிப்பு. நெவிலும் சிரித்தான். சிரித்துவிட்டு, தான் சிரித்ததைத் தானே கேட்டான்.

பின்வாசல் கதவு திறந்தது. மாடிப்படியில் காலடிகள்.

"எனக்கொண்ணு," என்று யாரோ கிளாஸை நீட்டினார்கள்.

நெவில் கைப்பிடியில் கை வைத்தான். இழுக்கவில்லை. அதில் மாட்டியிருந்த, பீரின் சின்னப் பெயர்ப்பலகையைக் கழற்றி, பீப்பாய் காலியானால் செய்வதுபோல, பின்புறம் தெரியத் திருப்பி மாட்டினான்.

"அதுக்குள்ள தீந்துபோச்சா?"

"தீரல. இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

குரல் அவனுடையதாகவே இல்லை. எர்னி அவனைப் பார்த்தார். பிறகு, மேலே காலடிகள் நின்றுவிட்ட இடத்துக்கு நேரே கூரையைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

வாடிக்கையாளர்கள் பக்கம் வெறும் மரம். க்ரேக் என்ற எழுத்து நெவில் முகத்துக்கு நேராக நின்றது.