சரக்கு ஆட்டோவின் சொந்தக்காரி

மனைவி ஏறி உட்கார்ந்தால் ஒழிய அந்தச் சரக்கு ஆட்டோ நகராது என்பது, வாங்கிய மூன்றாம் நாள் உறுதியானது. இன்ஜின் உறுமும், விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். சக்கரம் மட்டும் சுற்றாது. மெக்கானிக் கிளட்சைக் கழற்றி மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. அக்காவ ஏத்திப் பாருங்க.” அக்கா கரண்டியும் கையுமாக வந்து ஏறினாள். வண்டி கிளம்பிவிட்டது.

வண்டிக்கான கடன் மகளிர் குழுவில் அவள் பெயரில் எடுத்தது. “நீ கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்று சொல்லித்தான் கணவன் வாங்க வைத்திருந்தான். அந்த ஆண்டு குழுவின் பதினைந்து பேர் வீட்டிலும் இதே கதைதான். முடி திருத்துகிறவரின் சுழல்நாற்காலி, அவர் மனைவி கடைவாசலில் நின்றால்தான் சுழன்றது. ஒரு விவசாயியின் மோட்டார், அவர் மனைவி வரப்பில் கால் வைக்கும்வரை காற்றைத்தான் கக்கியது. வங்கி அதிகாரி நேரில் வந்து பார்த்தார். படிவத்தில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு ஆண்டுகள் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே போய்வந்தாள். எந்தக் கிடங்கில் காக்க வைப்பார்கள், எந்த மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும், வாடகையில் யார் பேரம் பேசுவார் என்பதெல்லாம் அத்துப்படியானது. முன்பு வாடகை வண்டி ஓட்டிய காலத்தில், சவாரி கிடைக்கவில்லை என்று கணவன் சொல்லிவந்த மதியங்கள் சீட்டாட்டத்தில் கழிந்தவை என்பதும் தெரிந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீட்டாட முடியாததால் வருமானம் இரட்டித்தது. மகளை மேல்படிப்பில் சேர்த்தாள். கணவனுக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. “என்னப்பா, பேட்டரியக் கூட்டிட்டு வந்துட்டியா?” என்று கிடங்கில் கேட்டார்கள். அங்கே சிரித்துவைப்பான், வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான்.

ஒருநாள் கணவனின் அண்ணன், பெயர் மாற்றும் பத்திரத்தோடு வந்தார்.

“ஆம்பள பேர்ல இருந்தா வண்டி தானா ஓடும். கையெழுத்துப் போடும்மா.”

“கடன அடைச்சது நான், மாமா. போட மாட்டேன்.”

“குடும்ப மானம் போகுது.”

“மூட்டதான் போகுது, வருது. மானம் எங்கயும் போகல.”

பத்திரத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். கையெழுத்து விழும்வரை வண்டியைத் தன் கொட்டகையில் பூட்டி வைக்கப்போவதாக அவர் ஆட்களைத் திரட்டினார். பதினொரு ஆண்கள் தள்ளினார்கள். டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது, டிராக்டர் தெருவில் குழி பறித்தது. குழுப் பெண்கள் பதினான்கு பேரும் போட்டது போட்டபடி வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கணவன் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். “நீங்களே வச்சுக்கங்க” என்றாள். சாவி இல்லாமலே இன்ஜின் பிடித்தது. பெண்கள் பின்னால் ஏறிக்கொள்ள, குழியைச் சுற்றி வளைத்து, கடைத்தெரு முழுக்க முதல் கியரிலேயே ஓட்டிக் காட்டினாள். முடி திருத்துகிறவரின் மனைவியும் வண்டியில் இருந்ததால் அங்கே நாற்காலி நின்றுபோயிருந்தது. பாதி மழித்த முகத்தோடு ஒருவர் வாசலுக்கு வந்து பார்த்தார்.

கணவன் மூன்று மாதம் அண்ணன் வீட்டில் இருந்தான். அதற்குள் அவள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். சாவி இல்லாத வண்டியில் எட்டுப் போட்டதைப் பற்றித் தேர்வு அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. எட்டு சரியாக இருந்தது என்று மட்டும் எழுதினார்.

ஒரு காலை, கிடங்குக்குப் போகும் வளைவில் கசங்கிய சட்டையோடு கணவன் நின்றிருந்தான். அவள் வண்டியை நிறுத்தினாள்.

“ஏறட்டுமா?”

“மூட்ட எறக்க ஆள் வேணும். கூலி பாதிக்குப் பாதி. சீட்டாட்டம் கிடையாது.”

அவன் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

“அத இன்னும் எதுக்குப் பிடிச்சிட்டிருக்கீங்க? ரெண்டு கையும் வேணும்.”

அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று கிடங்கில் நாற்பது மூட்டைகள் இருந்தன. மதியத்துக்குள் இறக்கி முடித்தார்கள்.