பக்கத்து வீட்டு லினக்ஸும் பதினொரு மணி நேர்காணலும்

பக்கத்து வீட்டு லிஃப்ட்காரர் எதையாவது மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தால், அந்த வீட்டில் ஏதோ ஒன்று அக்கக்காகப் பிரியப் போகிறது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் வந்தார். நான் வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். ஆனால் வராந்தாவில் நிற்க ஒரு காரணம் வேண்டாமா?

"என்ன தம்பி, கையில பெரிய பெட்டி?"

"கம்ப்யூட்டர் அக்கா. ஆபீஸ்ல வேண்டாம்னு ஓரமா வச்சிருந்தாங்க. கேட்டேன், எடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். பள்ளியை மூடிவிட்டார்கள், பட்டம் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது. வேலை போனதிலிருந்து அவள் வீட்டில் பாத்திரங்கள் பளபளக்கிற அளவுக்கு எங்கள் தெருவில் கண்ணாடிகூடப் பளபளப்பதில்லை. பாவம், தேய்ப்பதற்கு அவளுக்கு வேறு என்ன இருந்தது?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. வாஷிங்மெஷின், ஃபேன் விற்கிற ஒரு கம்பெனி. "மெஷின் ஓடவில்லை" என்று கூப்பிட்டுக் கத்துகிறவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே வழி சொல்ல வேண்டும். மறுநாள் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். வேலையே கம்ப்யூட்டரில்தான் என்பதால் நேர்காணலுக்கும் கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், போனில் வந்தால் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தப் பெட்டி எழுந்து உட்கார்ந்தால் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் பாத்திரம்.

பெட்டியோ எழுந்திருக்கிற மாதிரி இல்லை. சுவிட்சைப் போட்டால் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. (நான் பார்த்தேன். உப்பு கேட்கப் போயிருந்தேன்.)

"பழைய மெஷின். இதுல இருக்கிறதை வச்சுக்கிட்டு மாரடிக்க முடியாது," என்றாள் டீச்சர். "எல்லாத்தையும் எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம். காசில்லாம கிடைக்குது, பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும்." இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து, தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றித் தயாராக வைத்திருந்தாள்.

"யாரு போடுறது?" என்றார் லிஃப்ட்காரர்.

"நான்தான்."

"நீயா? நான் பதினாலு மாடி லிஃப்டையே..."

"லிஃப்ட்ல ரெண்டு பட்டன்தாங்க, மேல, கீழ. இதுல நூறு பட்டன் இருக்கு. கொஞ்சம் நகருங்க."

நான் உப்பை மறந்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டர் கண்விழிக்கிற அந்த ஒரு நொடியில் மேல்வரிசையில் ஒரு பட்டனைத் தட்ட வேண்டுமாம். முதல் தடவை டீச்சர் தட்டினாள், தாமதம். இரண்டாம் தடவை லிஃப்ட்காரர் உதவி செய்கிறேன் என்று வரிசையில் இருந்த எல்லாப் பட்டன்களையும் ஒரேயடியாக அமுக்கினார். பெட்டி கோபித்துக்கொண்டு 'பீ' என்று கத்தியது. மூன்றாம் தடவை அவருடைய இரண்டு கைகளையும் டீச்சர் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் தட்டினாள். திரை பளிச்சென்று மாறியது! பச்சை நிறத்தில் ஒரு மலை, ஓரத்தில் அழகழகாகச் சின்னப் படங்கள்.

"வந்துடுச்சு!" என்று மூன்று பேரும் கத்தினோம். எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

'இந்த வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா' என்று அது கேட்டது.

"எங்க மானேஜர் எழுதின சுற்றறிக்கை எல்லாம் அதுலதான் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர். "அழி. நல்லா அழுத்தி அழி."

அடுத்த தலைவலி இன்டர்நெட். விரல் நகம் அளவுக்கு ஒரு குச்சி வாங்கி வைத்திருந்தார்கள், வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் சேர்த்து. புதிதாக ஏறிய லினக்ஸ் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. குச்சியை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும், ஆனால் டிரைவர் வந்தால்தான் இன்டர்நெட் வரும். லிஃப்ட்காரர் குச்சியைப் பிடுங்கி, ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். அவர் தொழிலில் அது பலிக்குமோ என்னவோ.

டீச்சர் போனை ஒரு கேபிளால் பெட்டியோடு இணைத்தாள். "போன்ல இருக்கிற நெட்டை இது கொஞ்ச நேரம் கடன் வாங்கிக்கட்டும்." பிறகு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ ஒரு வரியைத் தட்டினாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"ஏய், என்ன இது, கண்டபடி ஓடுது? நிறுத்து, நிறுத்து!"

"அது வேலை செய்யுதுங்க. நீங்க வேலை செஞ்சா மட்டும் சத்தமே வராதா?"

பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் வைஃபை தெரிந்தது. மைக்கோடு சேர்ந்த சின்னக் கேமராவைத் திரைமேல் மாட்டியதும் டீச்சர் முகம் தெரிந்தது, பின்னால் என் முகமும். கொஞ்சம் தலை வாரியிருக்கலாம்.

எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை சர்க்கரை கேட்கப் போனால், டீச்சர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, சத்தம் வரல!"

அந்தத் திரைக்கு ஸ்பீக்கரே கிடையாதாம். பெட்டியில் ஹெட்போன் மாட்டுகிற ஓட்டையும் உடைந்து கிடந்தது. லிஃப்ட்காரர் கலங்கவில்லை. வீட்டிலிருந்த குண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் நீல விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரிலும் அதன் பெயர் வந்தது. அமுக்கினார், 'இணைந்தது' என்று போட்டது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை.

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. குழந்தைகளைச் செருப்பு மாட்டச் சொல்கிற அதே குரல். "ஏங்க, விளக்கு எரியுதா?"

"எரியுது."

"சத்தம் குறைச்சு வச்சிருக்கா?"

"முழுசா இருக்கு."

"சரி. நான் சோதனை போடுறேன், காது கொடுத்துக் கேளுங்க." இடது என்று ஒரு பட்டன், வலது என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஒரு பெண்குரல் அதைச் சொல்ல வேண்டுமாம். அமுக்கினாள். லிஃப்ட்காரர் ஸ்பீக்கர்மேல் கன்னத்தை வைத்துப் படுத்தேவிட்டார். ம்ஹூம்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு, சத்தம்தான் வரல."

"பரவாயில்ல. மறுபடி முதல்லேர்ந்து பாப்போம். விளக்கு எரியுதா?"

நானாக இருந்தால் அந்த ஸ்பீக்கரை அவர் தலையில் போட்டிருப்பேன்.

அதற்குள் பதினொன்று அடித்துவிட்டது. திரையில் ஓர் அம்மாள் தோன்றினாள். மூக்குக் கண்ணாடி, நேரான வகிடு, பின்னால் பழுப்புத் திரைச்சீலை. உதடுகள் அசைந்தன. எங்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"வணக்கம் மேடம், நீங்க பேசுறது எனக்குக் கேக்கல, ஒரு நிமிஷம்..." டீச்சர் மௌஸைப் பிடித்தாள். சத்தத்துக்கான அமைப்புகளைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"பாத்தாலே கடுகடுன்னு இருக்கா," என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக.

"அந்தத் திரைச்சீலையைத் துவைச்சு எத்தனை மாசமாச்சோ," என்றேன் நான், இன்னும் மெதுவாக.

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டீச்சர் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "போச்சுங்க. இதுவும் போச்சு."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் நுழைந்தார். பாதி முகத்தில் சவர நுரை, கையில் ரேஸர்.

"ஏம்மா, நம்ம அடுப்படியில யாரோ ஒரு பொம்பளை! அப்பவே இடது, வலதுன்னு சொல்லிட்டு இருந்தா. சரி, ரேடியோன்னு விட்டுட்டேன். இப்ப என்னடான்னா, 'நான் பேசுறது கேக்குதா, கேக்குதா'ன்னு கேக்குறா. நான் 'கேக்குது'ன்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. அவளுக்குத்தான் கேக்க மாட்டேங்குது!"

டீச்சர் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுலயும் இதே ஸ்பீக்கரா?"

இதே ஸ்பீக்கர்தான். அவர்கள் வாங்கிய மறுவாரமே நாங்களும் வாங்கினோம். பார்த்துப் பொறாமைப்பட்டு வாங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடையில் அது ஒன்றுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. அடுப்படியில் அதை யாரும் அணைப்பதில்லை.

"உங்க பாக்கெட்ல இருக்கிற போனோட நம்ம ஸ்பீக்கர் ஒட்டிக்கிட்டிருக்கு," என்றாள் டீச்சர் கணவரிடம், படபடவென்று. "அதான் விளக்கு எரியுது, ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியல. சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா இருந்ததைத்தான் நீங்க அமுக்கியிருக்கீங்க."

"பேரு ஒண்ணாத்தானே இருந்துச்சு!"

"இப்ப எதையும் தொடாதீங்க, அழைப்பு அறுந்துடும். அக்கா, ஓடுங்க!"

ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது அதுதான் முதல் தடவை. அடுப்படி மேடையிலிருந்து ஸ்பீக்கரைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அது என் மார்பில் பேசிக்கொண்டே வந்தது: "இன்னும் எவ்வளவு நேரம்?" "வந்துட்டோம், வந்துட்டோம், இதோ வந்துட்டோம்!" என்றபடியே மேஜையில் வைத்தேன்.

"இப்ப கேக்குதா?" என்றது ஸ்பீக்கர்.

"கேக்குது மேடம்!" என்று நான்கு பேரும் சேர்ந்து கத்தினோம்.

"நல்லது. உங்க சத்தம் எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே கேக்குது," என்றாள் அந்த அம்மாள். "திரைச்சீலையை நாளைக்கே துவைக்கச் சொல்றேன்."

நான் மெல்ல நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். லிஃப்ட்காரர் சுவரோடு சுவரானார். டீச்சர் முகத்தில் ரத்தம் இல்லை. வேலை போனதே போனது, என்னால் வேறு போயிற்றே என்று தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"சரி, ஆரம்பிக்கலாம்," என்று குரலை மாற்றிக்கொண்டாள் அந்த அம்மாள். "நான் உங்க வாடிக்கையாளர். புது வாஷிங்மெஷின், சுத்தவே மாட்டேங்குது! எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்கதான் ஏமாத்திட்டீங்க! சொல்லுங்க, என்ன பண்ணப் போறீங்க?"

டீச்சர் ஒரு மூச்சு விட்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க சிரமம் புரியுதும்மா. சேர்ந்தே பாத்துடலாம். முன்பக்கம் விளக்கு எரியுதா?"

"எரியுது! அதை ஏன் கேக்குறீங்க?"

"சரிம்மா. கதவை ஒரு தடவை திறந்து, நல்லா அழுத்தி மூடுறீங்களா? 'டக்'குன்னு ஒரு சத்தம் வரணும். வந்துச்சா?"

"வரல."

"பரவாயில்ல. ஓரத்துல துணி ஏதாவது மாட்டியிருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க. அவசரமே இல்ல, நான் இங்கயேதான் இருக்கேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஒரு கைக்குட்டை மாட்டியிருக்கு," என்றாள். பிறகு சிரித்தாள். கடுகடுப்பாவது ஒன்றாவது, அப்படிக் கன்னத்தில் குழி விழ ஒரு சிரிப்பு. "திங்கட்கிழமை காலையில சேந்துடுங்க. ஒரு ஹெட்போன் மட்டும் வாங்கிடுங்க, நல்ல கம்பி வச்சதா."

டீச்சர் நன்றி சொன்னாள், கும்பிட்டாள், எழுந்தாள். அப்புறம் போட்டாளே ஒரு கூச்சல்! லிஃப்ட்காரர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் வீட்டுக்காரர் ரேஸரைத் தலைக்குமேல் ஆட்டினார். "எனக்கு வேலை! எனக்கு வேலை!" என்று டீச்சர் சோபாமேல் ஏறிக் குதிக்க, கீழே பதுங்கியிருந்த நானும் எழுந்து கைதட்டினேன்.

"டீச்சரம்மா," என்றது மேஜைமேல் ஸ்பீக்கர். "அழைப்பை நீங்க இன்னும் முடிக்கல. ஆனா அவசரமே இல்ல, நல்லா குதிங்க."