புதுப்பொலிவு பெற்ற ஆண்டு

சட்டம் போட்ட படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். 'இந்த ஆண்டில் நம் கட்டடம் புதுப்பொலிவு பெற்றது' என்று அழகான எழுத்தில் போட்டிருந்தது.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். மருந்துக்கடை நடத்துகிறவள். கடையைப் பூட்டிவிட்டு வந்ததே அத்தான் கூப்பிட்டதால்தான். அத்தான், அக்காவின் கணவர், இந்தக் கட்டடத்தின் மேலாளர். "நம்ம பில்டிங்குக்கு அம்பது வயசாகுது. கீழ கண்காட்சி வச்சிருக்கோம், அவசியம் வந்துடும்மா" என்று போனில் சொன்னபோது, அக்காவின் படம் ஒன்றாவது இருக்கும் என்று நம்பித்தான் கிளம்பினாள்.

மற்ற எல்லாம் இருந்தது. அஸ்திவாரம் தோண்டிய பள்ளம், ஊரிலேயே முதல் லிப்ட், அதற்குள் கூச்சத்தோடு நின்ற மந்திரி, ஒன்பதாம் மாடியில் இருந்த கப்பல் கம்பெனி. அந்தக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அக்காதான் இல்லை. அந்த மாடி தீப்பிடித்து எரிந்ததும் இல்லை. லிப்ட் நின்றுபோய், படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடக்க, அக்காவும் கூட வேலை பார்த்தவர்களும் அந்தக் கதவடியிலேயே புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். தெருவில் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அதைத்தான் ஒரு சொல்லில் பூசி மெழுகியிருந்தார்கள்.

விருந்தாளிகளுக்கு நடுவில் நின்ற அத்தானிடம் நேராகப் போனாள்.

"அத்தான், இதை எழுதினது யாரு?"

"மெதுவாப் பேசு. முதலாளி வர்ற நேரம்."

"யாருன்னு கேட்டேன்."

அத்தான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "கண்காட்சி போடுறவங்க தீ விபத்தையும் எழுதித்தான் கொண்டுவந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். தினம் இந்த வழியாத்தானே போய் வர்றேன்? செவுத்துல அவ பேரைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிம்மா வேலை பார்ப்பேன்?"

அக்கா போனபின் அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் இரக்கம் வந்த சுவட்டிலேயே கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"உங்களுக்கு வலிக்குதுன்னா அவளைத் தொடைச்சுப் போட்டுடுவீங்களா? அவ உங்களுக்கு மட்டுமா செத்தா? எங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பழரசக் கோப்பைகளோடு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"நான் மேல போறேன். அவ உட்கார்ந்திருந்த இடத்தையாவது பார்த்துட்டு வர்றேன்."

"சரி, லிப்ட்ல போ."

"இந்த பில்டிங் லிப்ட்டை நான் நம்ப மாட்டேன். படியிலயே போறேன்."

அத்தானின் முகம் வெளுத்தது. "படி வேணாம். சொன்னா கேளேன்."

அந்த முகம்தான் அவளைப் படியேற்றியது. கைப்பிடியைப் பற்றி, மூச்சிரைக்க, ஒவ்வொரு மாடியாக ஏறினாள். பின்னாலேயே அவருடைய காலடிச் சத்தம் வந்தது. ஒன்பதாம் மாடிக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, பூட்டுத் தொங்கியது.

அவள் திரும்பினாள். அத்தான் இரண்டு படி கீழே நின்றுவிட்டார்.

"கம்ப்யூட்டர் எல்லாம் திருட்டுப் போகுதுன்னு அந்த மாடிக்காரங்க ஒரே தொல்லை..."

"யார் பூட்டினது?"

அவர் கை தானாக இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டது.

"அத்தான், நீங்களா?"

அவர் தலை குனிந்தது. அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். உள்ளங்கை இரண்டாலும் கதவைப் படபடவென்று அறைந்தாள். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நாற்காலிகள் நகர்ந்தன.

"யாருங்க வெளிய?" ஒரு பெண் குரல்.

"கதவைத் திறங்க!"

"இது திறக்காதுங்க. எப்பவும் பூட்டித்தான் இருக்கும்." பிறகு உள்பக்கமாகத் திரும்பி, "ஏய், இந்தக் கதவுச் சாவி யார்கிட்டடி இருக்கு?"

"தெரியலையே."

அவளுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, அத்தான் குனிந்து பூட்டைக் கையில் எடுத்தார். சாவிக்கொத்திலிருந்து ஒன்றை நுழைத்தார், அது இல்லை. இன்னொன்றை நுழைத்தார். கொத்து சங்கிலியில் மோதிக் கலகலத்தது. அவர் தலைக்கு மேலே அவள் கதவை அறைந்துகொண்டே இருந்தாள்.