நாற்பத்தொரு வாசல்

வேதாசலத்தின் வீட்டுக்கு மாசி மாதம் வரையில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. வைகாசி முடிவதற்குள் அது நாற்பத்தொன்றாகிவிட்டது. ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. திருத்தணி மலையடிவாரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெருவில் அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு எப்படி உள்ளே போவது என்று கேட்கிறார்கள். போக வேண்டாம் என்றுதான் தெருக்காரர்கள் பதில் சொல்கிறார்கள்.

வேதாசலம் நெசவுக் குடும்பத்துக்காரர். அம்மையார்குப்பத்தில் அண்ணனோடு சேர்ந்து நான்கு விசைத்தறி ஓட்டுகிறார், காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். மனைவி சுலோச்சனா. ஒரே மகள் பிரியங்கா, நடைப்போட்டிக்காரி. அந்தப் போட்டியில் ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இடுப்பை ஒடித்து ஒடித்து வேகமாக நடக்க வேண்டும். எட்டு வருடம் அவள் புறவழிச்சாலையில் அப்படி நடந்தபோது ஊரே சிரித்தது. "நடக்கறதுக்கு இன்னாத்துக்கு மெடலு? அப்ப ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கினு வர்றவனுக்கெல்லாம் மெடல் குடு" என்று கே.ஜி.கண்டிகை டீக்கடை வரைக்கும் பேச்சு. மாசி மாதம் அவள் வெளிநாட்டில் இருபது கிலோமீட்டர் நடந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். சிரித்த வாயெல்லாம் எங்க ஊருப் பொண்ணு என்றது. ஊர் என்றால் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்குக் குமட்டுவது அதற்குப் பிறகு வந்தவர்களை நினைத்தால்தான்.

பிரியங்கா விவரமான பெண். பதக்கம் வாங்கிய கையோடு வடக்கே பயிற்சி முகாமுக்குப் போய்விட்டாள். அங்கே மைக்கை நீட்டியவர்களிடம், நடையைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் பேசுகிறேன், மற்றது என் வீட்டு விஷயம் என்று சிரித்தபடியே சொல்லி முடித்துக்கொண்டாள். அம்மாவுக்கும் போன் செய்தாள். "ம்மா, நடையப் பத்தி கேட்டா சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத. உள்ள வுடாத." சுலோச்சனாவுக்கு அது பிடிபடவில்லை. "இன்னாடி பேசற? வூடு தேடி வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சி அனுப்ப முடியுமா?" என்றாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு மகளிடம் அவல் கிடைக்கவில்லை. அவர்கள் அவலைத் தேடித் திருத்தணிக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவன் சூர்யபிரகாஷ். ஒரு தொலைக்காட்சியின் செய்தியாளன், இஸ்திரி கலையாத சட்டை, எதிரில் இருப்பவர் அழுவாரா என்று பார்த்தபடியே பேசும் கண்கள். சுலோச்சனா பாய் விரித்து உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நடையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். பிறகு பிரியங்காவுக்குக் காதல் உண்டா, மாதத்தில் அந்த மூன்று நாளும் நடப்பாளா, நீங்கள் என்ன ஜாதி, ஏன் இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை என்று முப்பது கேள்வி. சுலோச்சனா எதற்கும் முகம் சுளிக்காமல், தெரிந்ததைச் சொல்லியும் தெரியாததற்குச் சிரித்தும் வைத்தாள். அவன் போன பிறகு பார்த்தால், கேமரா நின்ற இடத்துக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வழி திறந்திருந்தது. செங்கல் விழவில்லை, தூசி இல்லை. அந்தப் பக்கம் தெரு தெரிந்தது, தெருவில் போன மாடு எட்டிப் பார்த்தது.

அங்கேதான் சுலோச்சனா ஒரு தப்புச் செய்தாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு வாசலை மூளியாக விடுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. புது வழிக்கும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, படி மாதிரி இருந்த அடிக்கல்லுக்கு மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்து, மேலே மாவிலை கட்டினாள். அதோடு அது வாசலாகிவிட்டது.

பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு வழி. சென்னையிலிருந்து வந்தவர்களுக்குக் கிழக்குச் சுவரில், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரர்களுக்கு வடக்கில், போனை மட்டும் நீட்டிக்கொண்டு வந்த யூடியூப்காரர்களுக்கு இடம் கிடைத்த பக்கமெல்லாம். ஒருமுறை வந்தவன் அடுத்த முறை கதவைத் தட்டவில்லை, தன் வழியாகவே நேராக உள்ளே வந்தான். அரிசி டப்பாவைத் திறந்து என்ன அரிசி என்று காட்டினார்கள். பீரோவைத் திறந்து பிரியங்காவின் உள்ளாடை முதல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை காட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த வேதாசலத்தின் தட்டுக்குள் மைக்கை வைத்து, "ரசமா சார்?" என்று கேட்டவனும் உண்டு. ஒருவன் பதக்க மங்கையின் வீட்டில் கழிப்பறை எப்படி என்று நிகழ்ச்சி செய்தான். அவனுக்குக் கொல்லைக் கழிப்பறைச் சுவரிலேயே வழி திறந்தது. சீ என்று துப்பிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வழி மட்டும் இரண்டு நாளில் தானாகச் சுருங்கி மூடிக்கொண்டது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க நேரமும் இல்லை. சுலோச்சனா விடிவதற்கு முன்னால் எழுந்து முப்பது வாசலுக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேதாசலம் பக்தவச்சலம் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரி செங்கல்லும் கலவையுமாக வந்து முதல் வாசலின் முன்னால் குந்தினார், படியைப் பார்த்தார், கரணையைக் கீழே வைத்துவிட்டார். "மஞ்சள் பூசி மாவெல கட்ன வாசப்படி நைனா இது. இதுல கல்லு வெச்சி அடைச்சா என் குடும்பம் வெளங்குமா?" வேதாசலம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். மேஸ்திரி மோர் குடித்துவிட்டு, வந்த வாசல் வழியாகவே போய்விட்டார்.

இத்தனையையும் சுலோச்சனா பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒளிக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலூரில் அவளுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள், உடம்பில் ஓர் இடம் போயிற்று. கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மணவூரில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணனிடம்கூடப் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருந்தாள். ஐயோ பாவம் என்று ஒருத்தர் தன்னைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு தெருவில் நடக்க முடியாது என்பது அவள் எண்ணம். வேதாசலத்தின் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்துக்கொள்வாள், தூங்கும்போதுகூட எடுக்க மாட்டாள். எந்த இடம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் வாசகர்கள் சூர்யபிரகாஷோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம், நான் எழுதப் போவதில்லை.

பீரோவைக் காட்டிய படத்தில், புடவைகளுக்கு அடியில் ஒரு மருத்துவக் கோப்பின் ஓரம் தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. சூர்யபிரகாஷ் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வேலூர் என்ற எழுத்தைப் படித்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் வந்தான். "நாலு பேருக்கு விழிப்புணர்வும்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னா எத்தினி பொம்பளைங்க பொழைப்பாங்க தெரியுமா?" என்றான். அவள் சொல்ல மாட்டேன் என்றாள். ஒன்றுமே இல்லை என்றாள். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் அவள் கும்பிட்டதையும் படம் எடுத்துக்கொண்டு போய், வெள்ளி மகளின் தாய்க்கு என்ன நோய், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என்று விளம்பரம் போட்டுவிட்டான்.

வீட்டில் வழி திறக்காத இடமாக ஒரே ஓர் அறை மிச்சமிருந்தது. பழைய பாவு நூலும் உடைந்த தறிச் சாமானும் போட்டுவைத்த, ஜன்னல் இல்லாத உக்கிராண அறை. சுலோச்சனா குளித்துவிட்டு அங்கே போய்த்தான் உடை மாற்றுவாள். வியாழக்கிழமை காலையில் அவள் அங்கே ஈரப் புடவையோடு நின்று மடித்த துணியைக் கையில் எடுத்தபோது எதிர்ச்சுவர் திறந்தது. நாற்பத்தொன்றாவது வாசல். வெளியே சூர்யபிரகாஷ் கேமராவோடு நின்றுகொண்டிருந்தான். கூச்சப்பட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அவனையும் ஒரு மனிதனாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவன், "அப்டியே நில்லுங்கம்மா, வெளிச்சம் நல்லா கீது" என்றான்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. அந்த வாசலுக்கு மஞ்சள் வைக்கவும் இல்லை. பிரியங்காவுக்குப் போன் செய்து ரொம்ப நேரம் பேசாமலே இருந்தாள். அந்தப் பக்கத்தில் பிரியங்காவும் வைக்காமல் இருந்தாள். சாயங்காலம் கொல்லைக்குப் போனபோதுதான் கழிப்பறைச் சுவர் பழையபடி முழுச் சுவராக நிற்பதைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். அதற்கு மஞ்சள் பூசியவர் யாரும் இல்லை, கோலம் போட்டவரும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அவள் கோலம் போடவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு முதல் வாசலில் உட்கார்ந்து மஞ்சளையும் குங்குமத்தையும் தேய்த்துக் கழுவினாள், மாவிலையைப் பிடுங்கிப் போட்டாள். சாவு விழுந்த வீட்டில்தான் வாசல் அப்படிக் கிடக்கும். பக்கத்து வீட்டு கெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அடிப்பாவி! புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறான், வெள்ளிக்கெழம அதுவுமா வாசல அழிச்சிகினு கீறியே?"

"கக்கூஸ் செவுத்துக்கு யாருக்கா மஞ்ச வெச்சாங்க? அதான் அது மூடிக்கிச்சி. இந்த நாய்ங்களுக்கெல்லாம் நான்தான் வாசல் வெச்சிக் குடுத்துட்டேன்" என்றாள் சுலோச்சனா. வேதாசலம் அன்றைக்குத் தறிக்குப் போகவில்லை. இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவர்ப் பக்கம் போனார்.

மஞ்சள் வைத்த முப்பத்தொன்பதையும் கழுவிவிட்டு அவள் தலைவாசலுக்கு வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மஞ்சள் வைத்த படி அது. "இது நம்ம வாசல் சுலோச்சனா, இத்த வுடு" என்றார் வேதாசலம். "இது வழியாதாங்க அவன உள்ள கூப்ட்டுப் பாய் விரிச்சி மோர் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அதையும் கழுவினாள். சொல்லும்போது அழுதாள், கழுவும் கையை நிறுத்தவில்லை.

வழிகள் மாவு புளிப்பது போல மெதுவாகப் பொங்கி மூடின. சனிக்கிழமை மாலை அவற்றில் நாய் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது, ஞாயிறு மதியம் கைகூடப் போகவில்லை. தலைவாசல் கடைசியாக, ஆறு மணிக்கு மூடியது. நிலையும் கதவும் மட்டும் தெருவில் சாய்ந்து நின்றன. பக்தவச்சலம் மேஸ்திரி அவற்றைக் கேட்டு வாங்கிப் போய் வேறொரு வீட்டுக்கு வைத்தார்.

எட்டு மணிக்குத் தெருவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. சோக இசையோடு நிகழ்ச்சி தொடங்கியது, திரையில் ஒரு சுவர் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த, ஒரு பக்கம் லேசாக விரிசல் விட்ட சுவர். பீரோ தெரிய வேண்டிய இடத்தில் சுவர், கும்பிட்ட கை தெரிய வேண்டிய இடத்தில் சுவர், வியாழக்கிழமைப் படத்திலும் சுவர். மற்ற சேனல்கள் சேர்த்துவைத்திருந்த படங்களும் அப்படியே ஆகிவிட்டன. சூர்யபிரகாஷ் அசரவில்லை, இதோ இந்தச் சுவருக்குப் பின்னால்தான் அந்தக் கண்ணீர்க் கதை என்று அரை மணி நேரம் பேசினான். ஜனங்கள் கடைசி வரை பார்த்தார்கள். இரண்டாம் முறை ஒளிபரப்பியபோதும் பார்த்தார்கள். அவனைச் சொல்லி என்ன குற்றம்?

அடுத்த வாரம் மேலே இருந்து படம் பிடிக்க ஒரு டிரோனை அனுப்பினார்கள். மலைக் குரங்கு ஒன்று அதை மரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டது. அதில் பதிவானது குரங்கின் வாய்க்குள் இருக்கும் பற்கள்தான். அதையும் ஒளிபரப்பினார்கள். பிறகு வேறு ஊரில் வேறு ஒரு வீடு கிடைத்துப் போய்விட்டார்கள்.

இப்போது கெங்கம்மாள் வீட்டு மாடியிலிருந்து ஏணி வைத்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறார்கள். கரண்டு அளவு எடுப்பவர் தெருவில் நின்று கூப்பிட்டால் வேதாசலம் மாடியிலிருந்து எண்ணைச் சொல்கிறார். கேஸ் சிலிண்டர் கயிற்றில் ஏறுகிறது. பிரியங்கா விடுமுறைக்கு வந்தாள், ஏணியில் ஏறி இறங்கி உள்ளே போனாள், பத்து நாள் இருந்தாள். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டம் அந்தச் சுவரோரம் நிழலுக்கு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போனது. ஒருத்தரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

வெயில் நாட்களில் சுலோச்சனா மாடிக் கொடியில் துணி காயப்போடுகிறாள். புடவைக்கும் போர்வைக்கும் நடுவில் நாலாக மடித்த தடம் மாறாத ஒரு பழைய வேட்டித் துண்டும் தொங்குகிறது. அதில் கரி படிந்திருக்கிறது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கும் துணி என்று தெருவில் நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது அது அதற்குத்தான்.