தூக்க முடியாத பதினான்கு கிலோ

பியானோ ஒன்றைத் தனியொருவராய் முதுகில் சுமந்து ஐந்தாம் மாடிக்கு ஏற்றியவர் என்று தொழிலில் பெயரெடுத்திருந்த சாமான் மாற்றுபவரால், அன்று காலை தம் நான்கு வயது மகளைத் தரையைவிட்டுத் தூக்க இயலவில்லை. முந்தைய நாள் வரை அவளுடைய எடை பதினான்கு கிலோ.

அன்று அவர் மாற்றிக்கொண்டிருந்தது தாம் குடியிருந்த வீட்டையே. மனைவி முதல் நடையிலேயே புது வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிலும் மேசையும் வண்டியேறிவிட்டன. பதினொரு மணிக்கு அடுத்த குடித்தனக்காரர் வந்துவிடுவார். எஞ்சியது, வெறுங்கூடத்தின் நடுவே குத்துக்கல்லென அமர்ந்து கதறிக்கொண்டிருந்த மகள் ஒருத்தியே. அவளுடைய நீலக் குவளையைப் பெட்டியிலிட்டு நாடா ஒட்டியதுதான் குற்றம்.

"வாடா செல்லம், நேரமாச்சு" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவர் இடுப்புதான் முறுக்கிக்கொண்டது.

"ஒண்ணுமில்லடா. ஒரு குவளைக்குப் போய் இப்படி அழுவாங்களா?"

அவளுக்கு அடியிலிருந்த தரை ஓடு நெடுக விரிசல் விட்டது.

எதற்கெடுத்தாலும் கடப்பாரையைத் தேடுவதால் அப்பெயரே நிலைத்துவிட்ட உடன் வேலையாள் இதைக் கவனித்தார். "அண்ணே, நீங்க பேசப் பேச கனம் ஏறுது. பேசாம தூக்குவோம்" என்றார் கடப்பாரை.

வார் போட்டு இழுத்தனர், வார் அறுந்தது. தள்ளுவண்டியின் நுனியை அடியில் செருகினர். "மூணு எண்ணுவேன், அதுக்குள்ள எந்திரிக்கணும்" என்றார் தந்தை. இரண்டு எண்ணுகையில் வண்டியின் சக்கரம் தட்டையாயிற்று. மிட்டாய் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே அதைத் தின்றாள். மிட்டாயின் எடையும் கூடியதே மிச்சம்.

அப்போது கீழ்த்தளத்துப் பல் மருத்துவர், தலையெல்லாம் காரைப்பொடியுடன் வந்து நின்றார்.

"காலி பண்றதா சொல்லிட்டு என்ன சார் ஏத்துறீங்க? கீழ ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காரு. காரை குறி பார்த்து அதுக்குள்ளயே விழுது."

"குழந்தை அழுவுது டாக்டர்."

"அழுதா சத்தம்தானே வரணும்? என் கூரை தொட்டில் மாதிரி தொங்குது. இன்னும் பத்து நிமிஷம் தாங்காது. குழந்தையும் நீங்களும் நேரா என் நாற்காலிக்குத்தான் வருவீங்க."

கடப்பாரை மண்டியிட்டு, அலமாரியைத் தட்டிப் பார்ப்பதுபோல் குழந்தையின் முதுகில் விரல்மடக்கால் மெல்லத் தட்டிக் காதை வைத்தார்.

"அண்ணே, உள்ள சாமான் இருக்கு. காலி பண்ணாமலே தூக்குறோம். அலமாரின்னா இப்படிச் செய்வோமா?"

இருபதாண்டு அனுபவம் வெட்கித் தலைகுனிந்தது. தந்தை மகளுக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார். "உள்ள என்னம்மா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாய்மூடியிருந்தார். சிக்கிக்கொண்ட இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும் என்பதை அவர் அறிவார்.

கதறல் தேய்ந்து விக்கலாயிற்று.

"என் குவளை."

"ம். உன்னைக் கேக்காம பெட்டில போட்டுட்டேன். உனக்குக் கோவம்."

தரை நெல்லளவு மேலே எழும்பியது.

"நாடா பர்ருன்னு கத்துச்சு."

"ம். பயந்துட்டே."

"அம்மா டாட்டா சொல்லல."

"அம்மாவுக்கு அவசரம்டா, அங்க போய்ப் பெருக்கணும், அதனால..."

தரை மளமளவென்று இறங்கியது. "விளக்கம் வேணாம் சார்" என்றார் குப்புறப் படுத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர். "விளக்கம் சொன்னா இறங்குது."

"அம்மா டாட்டா சொல்லல" என்று தந்தை திருத்திக்கொண்டார். "உனக்கு வருத்தமா இருந்துச்சு."

"ஆமா." மூக்கை அவர் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "புது வீட்டுக்கு என்னைத் தெரியாது."

இந்த உணர்ச்சிக்கு என்ன பெயரிடுவதென்று அவருக்கு விளங்கவில்லை. "என்னையும் அதுக்குத் தெரியாதும்மா" என்றார்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஒரு விரற்கடை ஏறிடுச்சு" என்றார் மருத்துவர் தரையிலிருந்து.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் மகள்.

"சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

மாடிப்படியில் அடுத்த குடித்தனக்காரரின் பீரோ இடிபடும் ஓசை கேட்டது. கடப்பாரையின் கை தன் பெயருக்குரிய கருவியை நோக்கி நகர்ந்தது; தந்தை முறைத்த முறைப்பில் திரும்பிவந்தது.

"சரி. அது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லித் தந்தை கைகளை நீட்டினார். அவளே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சடக்கித் தூக்கினார். நாற்பது கிலோவுக்குக் குறையாது. எனினும் தூக்கக்கூடிய நாற்பதுதான். கீழே வந்து வண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தியதும், வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே, வண்டி சாயுது. அந்த ஒண்ணை மட்டும் கேட்டுப் பாக்கலாமா?"

"சாயட்டும். நான் மெதுவா ஓட்டுறேன்" என்றார் அவர்.