யாருடையது என்று கேட்கும் மொழி

விஜியை அழைத்துப் போகக் கடம்பூரிலிருந்து புருஷன் பாலகணேஷும் அவன் அண்ணன் லிங்கராஜும் வந்து உட்கார்ந்தபோது, அவளுடைய அண்ணன் செண்பகராஜ் மடிக்கணினியைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தான். கோவில்பட்டியில் அவன் ஒருவனுக்குத்தான் சொந்தமாக ஒரு மொழி இருந்தது. அவனே உண்டாக்கியது. உலகத்தில் அதைப் பேசுகிறவனும் அவன் ஒருவன்தான். அவனும் பால் பாக்கெட்டைத் தமிழில்தான் கேட்பான். அப்பா விட்டுப்போன கடைவாடகையில் உட்கார்ந்து தின்றுகொண்டு, தன்னை ஏதோ ஒரு தேசத்தின் ராஜா போல நினைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை வீங்கிய மணிக்கட்டோடு வந்து நாலு நாளாகிறது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. இன்றாவது கேட்பான் என்று அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"பெயர்ச்சொல் இலக்கணம் இன்னைக்குத்தான் முடிஞ்சது அண்ணாச்சி. மலை, சூரியன், ஆம்பள இதெல்லாம் தனியா நிக்கும். கை, செருப்பு, பொம்பள இதுக்கெல்லாம் யாரோடதுன்னு ஒரு ஒட்டு சேக்கணும். சேத்தாத்தான் சொல்லு" என்றான் செண்பகராஜ்.

"அருமையா சொல்லுதீங்க" என்றான் லிங்கராஜ். ஒன்றும் புரியாத முகம். பாலகணேஷ் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அண்ணே, இவிய வேண்டாம்னு நான் வந்துட்டா, என்னை என்னன்னு சொல்லுவ?" என்றாள் விஜி.

வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நல்ல கேள்வி என்ற சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"ஒட்டு போயிரும். அப்புறம் அது சொல்லே இல்ல."

"இந்தக் கை?"

"கை உன்னோடது. நீ மாப்பிள்ளையோட..." விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினான். "ஒட்டுமேல ஒட்டு. ரெண்டும் வரும்."

வீக்கம் அவன் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. விஜிக்கு அழுகை வரும் என்று அவளே நினைத்தாள். வந்தது சிரிப்பு. இந்த அற்பனிடம் நியாயம் எதிர்பார்த்தா நாலு நாள் சமைத்துப் போட்டோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

"உன் பாஷைய நீயே பேசிக்கோ. இவியள வச்சு மூணு பேரா பேசுங்க."

"ஏட்டி, எங்க போற?" என்றான் செண்பகராஜ். "மாப்பிள்ளை இருக்காக."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கூடப் படித்த முத்துசெல்வி பசுவந்தனையில் தையல்கடை வைத்திருந்தாள். காலையில்தான் போனில் இங்கன வந்துரு என்று சொல்லியிருந்தாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே உழுதுபோட்ட கரிசல் விரிந்தது. விதைப்புக்கு முந்தைய வெறும் நிலம். தூரத்தில் மேகத்திலிருந்து இறங்கிய ஒரு மழைக்கால், அங்கேயே நிற்பதா இந்தப் பக்கம் வருவதா என்று தெரியாமல், சாய்ந்து நின்றது.