பாட்டு வகுப்பில் குதிரை

இரண்டாம் வகுப்பு டீச்சர் குதிரையின் வாலைப் பிடித்துப் பின்வாசல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளி ஆய்வாளர் முன்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். வெள்ளைக் குதிரை. பிள்ளைகள் காலையில் குதித்துக் குதித்துப் பாடிய பாட்டிலிருந்து இறங்கியது. போன வாரம் மூன்றாவது பெஞ்சுக்கு மேல் மட்டும் மழை பெய்தது. அதற்கு முன்பு கரும்பலகை ஓரம் ஒரு படகு ஒதுங்கியது. டீச்சர் பாட்டுச் சொல்வார், பிள்ளைகள் ஆடிக்கொண்டே திருப்பிச் சொல்லும், சில நாள் அதுகளே இட்டுக்கட்டும். பாட்டில் இருப்பது வந்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

தலைமையாசிரியருக்கு இதில் ஆச்சரியம் கிடையாது, எரிச்சல்தான். அவர் நடத்திய பாட்டு வகுப்பில் கைகட்டி நின்று ஒப்பித்து, கருத்துச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அந்தப் பாட்டுகளிலிருந்து ஓர் எறும்புகூட வந்ததில்லை. அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார். வருவார் வருவார் என்று ஆய்வாளரைக் காட்டி வருஷக்கணக்காகப் பூச்சாண்டி காட்டுபவர், முந்தின நாள் வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகள் எதிரிலேயே அதட்டியிருந்தார்: “இந்தக் கூத்தெல்லாம் ஆய்வாளர் கண்ணுல பட்டுச்சோ, பாட்டு பீரியட் அன்னியோட குளோஸ். நீங்களும் வீட்டுக்குக் கிளம்பலாம்மா.”

“போயேன்டா சாமி!” டீச்சர் மூச்சிரைத்தார்.

“அதுக்குப் பின்னாடி போகத் தெரியாது டீச்சர். பாட்டுல முன்னாடிதானே ஓடுச்சு!” என்றாள் முன்பெஞ்சு வாயாடி.

ஆய்வாளர் குதிரையின் நெற்றியைத் தடவினார்.

“ஐயா, இதெல்லாம் எங்க வழக்கமே இல்லைங்க...” தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது.

“ரொம்ப நல்லது. நடக்கட்டும்” என்றார் ஆய்வாளர்.

“நான்தாங்கய்யா ஆரம்பிச்சு வச்சேன்!” என்றார் தலைமையாசிரியர், அதே மூச்சில்.

பாட்டு வகுப்பு எல்லாப் பள்ளிக்கும் பரவியது. ஆய்வாளர் மேலே மேலே போனார். கூரை ஒழுகுகிறது என்று கோப்பு வந்தால், ரொம்ப நல்லது, நடக்கட்டும். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்றாலும் அதேதான். மந்திரி திட்டினாலும் அதேதான். குறைவாகப் பேசும் நிர்வாகி என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. சாயங்காலம் மனிதர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய அதிகாரியிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவாம். கடைசியில் அவர் இயக்குநராகவே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில், தானும் ஓய்வு பெற்றுவிட்ட பழைய தலைமையாசிரியர் அவருடைய ஆழ்ந்த சிந்தனையைப் பற்றி நாக்கு வறளப் பேசினார். பதிலுரை இரண்டே வரி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பின்வரிசையில் வாயாடி, இப்போது அவளும் ஒரு டீச்சர், பழைய டீச்சரின் காதைக் கடித்தாள்: “மனுஷன் இத்தனை வருஷத்துல வேற ஒரு வார்த்தை பேசலையே டீச்சர்?”

“மறந்துட்டியாடி? ஆய்வாளர் நாற்காலி ரொம்ப நாளா காலியாத்தான் கிடந்துச்சு. ஹெட்மாஸ்டர் என்னை மிரட்டுனாரேன்னு நீதானே அன்னிக்கு நல்ல ஆய்வாளர் ஒருத்தர் வர்ற மாதிரி பாட்டுக் கட்டினே?” டீச்சர் காபியை ஆற்றினார். “பாட்டுல அவரு ரெண்டு வரி பேசினதுமே பெல் அடிச்சிருச்சு.”